கவசத்தின் தோள்

அக்காவின் கருவிக்கு உலை வைக்கப்போவது நான்தான் என்று தெரிந்தும், அன்று காலை அவள் காரில்தான் ஆபீசுக்குப் போனேன். வழியில் அதை மட்டும் சொல்லவில்லை.

ராட்சத வாயுக்கோளுக்குள் எங்கள் ஆய்வுக்கலம் பாயும்போது, அதன் முன்னால் நசுங்கும் வாயு சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாகும். கலத்தின் முன்னால் இருக்கும் கரிக் கவசம், தான் எரிந்து, உள்ளே இருப்பதைக் காக்க வேண்டும். எவ்வளவு எரியும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. உள்ளே உட்கார்ந்து ஹீலியம் அளக்கப்போவது அக்கா செய்த கருவி. தனக்கு நரை விழுந்ததே அதனால்தான் என்பாள்.

எங்கள் பழைய கணக்கில் ஒரு கோளாறு. எரிந்தாலும் கவசத்தின் உருவம் மாறாது என்று வைத்துக்கொண்டு எல்லாரும் கணக்குப் போட்டிருந்தோம். தேய்ந்தால் உருவம் மாறும் என்பது குளிக்கிற சோப்புக்கே தெரியும், எங்கள் கூட்டத்துக்குத் தெரியவில்லை. படிப்படியாகக் கவசத்தைத் தேயவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கவசத்தின் விளிம்பு, அதைத் தோள் என்போம், ஓட்டையாகும் அளவுக்கு எரிந்தது.

கூட்டத்தில் சொன்னேன். "தோள்ல இன்னும் ஒன்பது கிலோ வேணும்."

திட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எடை ஏத்த இடமே இல்லைம்மா. எதையாவது இறக்கணும்."

ஹீலியம் கருவியும் ஏறக்குறைய ஒன்பது கிலோதான். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"கூடப் பிறந்தவள்னு கொஞ்சமாவது நினைச்சியாடி?" என்றாள்.

"நினைச்சா எரியாம இருக்குமா அக்கா?"

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் தயாரில்லை.

மதியம் அக்கா என் மேசைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூக்கு எப்படி இருக்கு?"

"மூக்கா?"

"கவசத்தோட நடு. தோளையே கட்டிக்கிட்டு அழறியே, நடுவுல எவ்வளவு மிச்சம்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஓட்டை கண்ட ஆத்திரத்தில் ஓட்டையை மட்டுமே பார்த்திருந்தேன். இருவரும் கணினித் திரைமுன் குனிந்தோம். நடுவில் எரிந்து கிளம்பிய ஆவியே திரைபோல நின்று வெப்பத்தைத் தடுத்திருந்தது. அங்கே தடிமன் தாராளமாக மிச்சம்.

"ஆறு கிலோ சீவலாம்," என்றேன். "அதுக்கு மேல ஒரு கிராம்கூட விடமாட்டேன்."

"இன்னும் மூணு வேணுமே."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு எழுந்தாள்.

"என் கருவியில ரெண்டு பம்ப். ஒண்ணு கெட்டா இன்னொண்ணுன்னு வச்சேன். ஒண்ணை எடுத்துடறேன், மூணு கிலோ."

"இருக்கிறது கெட்டுப்போச்சுன்னா?"

"கெடாம செய்யறேன். நீ தோளைப் பாத்துக்கோ."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"சாயங்காலம் பஸ்ல போ. என் கார்ல எடை ஏத்த இடமில்லை."