முதல் அடிக்குத் திறக்கும் கதவு

நீட்டுவின் மாடியறைக் கதவு காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கதவு மட்டுமல்ல, நிலையும் போயிற்று, நிலையில் ஆணியடித்து மாட்டியிருந்த காலண்டரும் போயிற்று. அந்த இடத்தில் சுவர் வந்து நின்றது. அதே வெளிர்ப்பச்சைப் பெயின்ட், மழைக்கு ஊறின கறைகூட இருந்தது, ஏதோ வெகுகாலமாக அங்கேயே இருந்த சுவர் மாதிரி. கீழே குழாயடியில் பக்கெட் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி, மேலேயிருந்து அவன் கத்தியதைக் கேட்டு, "கதவு எங்க போயிடும், நல்லாத் தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள். சாவி, மூக்குக்கண்ணாடி, கிதார் கேபிள் என்று அந்த வீட்டில் தினம் ஒன்று காணாமல் போகும். அவளைக் குறை சொல்வதற்கில்லை.

நீட்டு என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டம். எதைச் சொன்னாலும் நீட்டிச் சொல்வான். வயிற்றுவலிக்கு லீவு கேட்டாலும் வலி எப்படி ஆரம்பித்தது என்பதிலிருந்து வருவான். அவன் அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்தாள். மிஷின் பெல்ட் அறுந்து ஒட்டுப்போட்டது, சுற்றுக்கு ஒரு தடவை திக்கும். அந்தத் திக்கலைக் கேட்டுக்கொண்டேதான் அவன் தூங்கினான், எழுந்தான், படித்தான். அதனால் கையில் கிதார் வந்தபோது ஊரெல்லாம் நாலு நாலாக எண்ணி வாசிக்க, இவனுக்கு மட்டும் ஏழாகத்தான் வந்தது. ஏழு அடியில் முதல் பாட்டைக் கட்டி முடித்த அன்று மாடியறைக்கு ஐந்தாவதாக ஒரு மூலை முளைத்தது. அம்மா வந்து பார்த்தாள், சரி, நல்லதாகப் போயிற்று என்று வெட்டுத்துணி மூட்டையை அங்கே கொண்டுபோய் வைத்தாள். இரண்டாவது பாட்டுக்குக் கூரை ஒரு முழம் உயர்ந்தது. ஒட்டடைக் கம்பு எட்டாமல் போனதைத் தவிர அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

பிறகு அவனோடு மூன்று பேர் சேர்ந்தார்கள். டிரம்ஸ் வாசித்தவன் பகலில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவன், பேஸ் கிதார் மருந்துக்கடைக்காரன், பாடினவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வாழ்நாளில் யாரிடமும் குரலை உயர்த்தாத அந்தப் பாடகன் மேடையேறினால் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கத்துவான். அவர்கள் வாசித்ததற்கு ப்ராக்ரஸிவ் மெட்டல் என்று பெயர். சத்தம் இடி, கணக்கு கணக்கு வாத்தியாருடையது. அதைக் கேட்க வருகிறவர்கள் ஆட மாட்டார்கள். கைகட்டி நின்று அடியை எண்ணுவார்கள். எண்ணித் தோற்றால்தான் அவர்களுக்குத் திருப்தி. மூன்று ஆல்பம், நிறைய பஸ் பயணம், ஒரு முதுகுவலி, கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் பெண்ணோடு கல்யாணம், ஒரு பெண்குழந்தை என்று பத்து வருஷம் ஓடியது.

நாலாவது ஆல்பத்துக்காகத்தான் அந்தப் பாட்டைக் கட்டினான். அதில் டிரம்ஸ் பதின்மூன்று அடிக்கு ஒரு சுற்று, பேஸ் ஏழுக்கு ஒரு சுற்று, கிதார் பதினொன்றுக்கு. மூன்றும் ஒன்றாகக் கிளம்பி, ஆளுக்கு ஒரு பக்கம் போய், கடைசியில் மறுபடி மூன்றும் ஒரே நேரத்தில் முதல் அடிக்கு வந்து விழும். அந்த ஒரு அடிக்காகத்தான் ரசிகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மற்ற இருவரும் வந்து தங்கள் பங்கை அந்த அறையிலேயே பதிவு செய்துகொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு நீட்டு கிதாரில் ஓர் அரை அடியைச் சேர்த்தான். பதினொன்று, பதினொன்றரை ஆயிற்று. எந்தக் கேட்பவன் காலும் கூடவே தட்டிவிடக் கூடாது, டிரம்ஸ்காரன் காலே தடுமாற வேண்டும் என்கிற கொழுப்புதான், வேறு காரணமில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் பதிவை ஓடவிட்டு, கூடவே அதை முதல் தடவையாக முழுக்க வாசித்துவிட்டுக் கிதாரைக் கீழே வைத்தான். திரும்பினால் கதவைக் காணோம்.

கொத்தனார் வந்தார். படிக்கட்டுப் பக்கமிருந்து சுவரை உடைத்தார். செங்கல்லுக்குப் பின்னால் செங்கல், அதற்குப் பின்னாலும் செங்கல். இந்த மாதிரிச் சுவரைத் தான் முன்னேயே ஒரு ஸ்கூலில் பார்த்ததாகச் சொல்லி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போனார். தெருப்பக்க ஜன்னல் கம்பியைப் பாதி அறுத்துவிட்டுப் போனார்கள், காலையில் முளைத்திருந்தது. பாட்டைப் பதிவு செய்து வெளியே அனுப்பலாமென்றால் கிதார் பதியவில்லை, ஃபேன் சத்தம்தான் பதிந்தது. அறையிலேயே குளியலறை இருந்தது ஒரு புண்ணியம். சாப்பாடு ஜன்னல் வழியாகக் கூடையில் ஏறியது. அழுக்குத்துணி அதே கூடையில் இறங்கியது.

டிரம்ஸ்காரன்தான் யோசித்துச் சொன்னான். "பாட்டு கதவைப் புடிச்சு வெச்சிருக்குடா. மூணு பேரும் முதல் அடிக்கு வந்து சேர்ந்தா விட்டுடும்." பதினொன்றை வைத்துக் கணக்குப் போட்டு, நீட்டு உள்ளே வாசிக்க, கடப்பாரையோடு படிக்கட்டில் வந்து நின்றான். அவன் கணக்குப்படி வர வேண்டிய நேரத்தில் சுவர் சுவராகவே இருந்தது. அந்த நேரம் தாண்டினதும் இறங்கிப் போய்விடுவான். நாலு சாயங்காலம் நின்று பார்த்துவிட்டு, ஒரு ஹோட்டலில் பெரிய ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதால் அதைப் பார்க்கப் போய்விட்டான். உள்ளே இருந்தவன் அரையைப் பற்றி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. முதலில் மறந்தான், பிறகு ஞாபகம் வந்தபோது சொல்ல வெட்கமாக இருந்தது.

நீட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து தினமும் சாயங்காலம் வாசித்தான். தெருவில் ஆள் கூடியது. ஆல்பம் கம்பெனிக்காரர் விளக்குக் கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டிவிட்டார். எங்கெங்கிருந்தோ கறுப்புச் சட்டை போட்டவர்கள் வந்து கைகட்டி நின்று எண்ணித் தோற்றுப் போனார்கள். ஒரு பத்திரிகை, கலைக்காக உலகத்தைத் துறந்தவர் என்று எழுதியது. மனைவி அதைப் படித்துவிட்டு, "துறந்தவரு கழட்டிப் போட்ட சட்டைய யாரு துவைக்கிறாங்கன்னு அதுல போட்டிருக்கா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். அவன் இல்லை என்றான். வெளியே போக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு அந்த வருஷங்களில் வேறு யோசனையே கிடையாது. மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனதை ஜன்னலிலிருந்து தெருமுனை வரைக்கும் பார்த்தான். தெருமுனைக்கு அப்புறம் அவள் எப்படி நடக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

மகளுக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தவனின் தோளைத் தட்டி டீ டம்ளரை நீட்டினாள். அவன் கை நின்றது.

"எப்படி வந்த?"

"கதவு வழியா."

"எந்தக் கதவு?"

"நீங்க ரோட்டைப் பார்த்து வாசிக்கிறப்ப பின்னாடி வருமே, அதுதான். தெனமும் வருதுப்பா. படியில உக்காந்தா தெரியும்."

திரும்பிப் பார்த்தால் சுவர். அவளை வெளியே அனுப்ப மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் அவள் ஐந்தாவது மூலையில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை நிறம் பிரித்து அடுக்கினாள். இந்தத் தடவை அவன் சுவரைப் பார்த்து வாசித்தான். மூன்றும் சேர்ந்த அடியில் கதவு வந்தது, காலண்டரோடு. மீட்டின தந்தி அதிர்கிற நேரம் நின்றது. மகள் தாண்டிப் போனாள். பிறகு சுவர்.

விஷயம் வெளியே வந்ததும் டிரம்ஸ்காரன் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டான். "பதினொண்ணுன்னுதானே சொன்ன? அரை எங்கேர்ந்து வந்துச்சு?"

"சும்மா போட்டேன்."

"சும்மா போட்டானாம். உன் அரையால நான் கடப்பாரையோட படியில நின்னு, பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் திருடன்னு நெனச்சு ஒரு வாரம் பேசலை."

கதவு வருகிறது என்பது தெரிந்துவிட்டது. அதில் போவது எப்படி என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வாசித்துக்கொண்டே நடந்து பார்த்தான். கிதார் நிலையைத் தொட்டதும் சுவர் ஆயிற்று, தோள்பட்டை உரிந்தது. முதல் அடியை மீட்டிவிட்டுக் கிதாரை வீசிவிட்டு ஓடினான். விரல் தந்தியை விட்ட அதே கணம் சுவர். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். மனைவி கூடையில் தைலம் வைத்து அனுப்பினாள். அரையை விட்டுவிட்டு வாசித்தால் கதவு வரவே இல்லை. சுருக்கமாகச் சொன்னால், வாசிக்கிறவனைத் தவிர யார் வேண்டுமானாலும் போய் வரலாம். ஊரிலிருந்த கிதார்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, நீ போ, நான் வாசிக்கிறேன் என்று உட்கார்ந்து பார்த்தார்கள். நல்ல கைகள்தான். ஆனால் அந்த அரையில் ஒவ்வொருவனும் இடறினான். யாரும் பின்தொடரக் கூடாது என்று போட்ட அரை, சொன்னபடி யாரையும் பின்தொடர விடவில்லை.

வீடு பழகிக்கொண்டது. பல் டாக்டர் வந்து படியில் காத்திருந்து உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாயில் பஞ்சோடு அவன் வாசிக்க, வெளியே வந்தார். மனைவி பகலில் போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். சில நாள் அடுத்த முதல் அடியைத் தவறவிட்டதாகச் சொல்லி ராத்திரி அங்கேயே தங்கிவிடுவாள்.

மகளுக்கு இருபத்திரண்டு வயதில் கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முதல்நாள் காலையில் தோளில் ஒரு கிதாரோடு உள்ளே வந்தாள். யாரிடம் கற்றாள் என்று கேட்டால், யாரிடமும் இல்லை; படியில் உட்கார்ந்தே வளர்ந்தவள். அவள் மாடி ஏறும்போதே காலில் அந்த அரை விழும்.

"நான் வாசிக்கிறேன். நீங்க கெளம்புங்க."

"உன் வேலை?"

"ஒரு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம். எனக்கு என்ன அவசரம்?"

அவனும் அந்தச் செவ்வாய்க்கிழமை, அதிகம் போனால் ஒரு வாரம் என்றுதான் நினைத்திருந்தான். அவள் அதற்குள் பதிவை ஓடவிட்டு, தினமும் பார்த்த பழக்கத்தில் அப்பா மாதிரியே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தெருவைப் பார்க்காமல் வாசிக்க முடியும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நீட்டு வெறுங்கையோடு சுவர் முன்னால் போய் நின்றான். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான். முதல் சுற்றிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அரை இடறவில்லை. அவனுடைய கையைவிடச் சுத்தமாக விழுந்தது.

மூன்றும் சேர்ந்தன. கதவு வந்தது. படிக்கட்டு, கைப்பிடியில் காயப்போட்ட துண்டு, மாவு பிசைந்த கையோடு பாதிப் படியில் நிற்கும் மனைவி. அவள் இவனைப் பார்த்தாள். பிறகு இவன் தோளுக்கு மேலாக, ஜன்னல் பக்கம் குனிந்திருந்த மகளின் முதுகைப் பார்த்தாள். இவன் காலை எடுக்கவில்லை. அவள் வா என்று சொல்லவுமில்லை. தந்தி அடங்கியது.

"என்னப்பா, போகலையா?" மகள் திரும்பினாள்.

"கதவு வரலை. அரையை விட்டுட்ட."

"விடலையே."

"உனக்குத் தெரியாதும்மா. எல்லாரும் அங்கதான் விடுவாங்க."

மகள் சுவரோரம் போய் அம்மாவைக் கூப்பிட்டுக் கதவு வந்ததா என்று கேட்டாள். படிக்கட்டிலிருந்து பதில் வந்தது. "நான் மாவு பிசைஞ்சுட்டிருந்தேன்டீ, கவனிக்கலை." பிறகு நீட்டு கிதாரை எடுத்தான். அடுத்த முதல் அடிக்கு மகள் வெளியே போனாள், கப்பலுக்கும் போனாள். அவள் கிதார் ஐந்தாவது மூலையில் மூட்டையோடு மூட்டையாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து நீட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து வாசிக்கிறான். தெருவில் நிற்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். முதலில் முனகினார்கள், இப்போது முதுகைப் பார்த்தே எண்ணுகிறார்கள். ஒரு பத்திரிகை அதற்கும் ஏதோ பெரிய அர்த்தம் எழுதியது. மனைவி படிமேடையில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாள். சாயங்காலம் அங்கே உட்கார்ந்து காய் நறுக்குவாள், கடுதாசி வந்தால் படிப்பாள். முதல் அடிக்குக் கதவு வரும்போது தலையைத் தூக்குவாள்; அவனும் பார்ப்பான். பிறகு சுவர். அவள் அடுத்த காயை எடுப்பாள்.