பதிவு செய்த எண்

மீரானின் தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணிக்கு ஜெய்தூன் பீவி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. விடிகாலை சுபுஹு நேரத்தில் உயிர் போனதிலிருந்து அது எத்தனையோ தடவை அடித்து ஓய்ந்துவிட்டது. தோல் கம்பெனியில் விஷயம் தெரியாதவர்கள், ஆள் ஏன் இன்னும் வேலைக்கு வரவில்லை என்று கூப்பிட்டபடி இருந்தார்கள். இந்தத் தடவை திரையில் மகள் தஹ்சீனின் பள்ளிக்கூடப் பெயர் இருந்தது. முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து எடுத்தாள்.

“மீரான் சாருங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

“அவுக வீட்ல பேசுறேன்மா.”

“ஹாஸ்டல் வார்டன் பேசறனுங்க. சதாம்னு ஒருத்தர் வந்து தஹ்சீனக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்ல நிக்கறாருங்க. சார்கிட்ட செத்த போனைக் குடுங்க.”

“அவுக எப்படிம்மா பேசுவாக? காலையில மௌத்தாப் போயிட்டாக. அதைச் சொல்லத்தான எங்க அண்ணன் மகன அனுப்பிருக்கேன். அவன் சொல்லலையா?”

“சொன்னாருங்க.” அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “ஆனா ஃபைல்ல சார் கைப்பட எழுதிக் குடுத்திருக்காருங்களே. பதிவு பண்ணின நம்பர்ல அவரோட குரலைக் கேக்காம யார்கூடவும் அனுப்பக் கூடாதுன்னு.”

அந்தக் கடிதம் ஜெய்தூனுக்குத் தெரியும். எழுதியதும் தெரியும், எதனால் எழுதினார் என்பதும் தெரியும். திரும்பிப் பாயில் கிடந்தவரைப் பார்த்தாள். எழுந்து பதில் சொல்லுங்களேன் என்று கத்த வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்கு முன்பே மீரான் கரூர் தாண்டியிருந்த அந்தப் பள்ளிக்குப் போய் இடம் பிடித்துவிட்டு வந்திருந்தார். மகளிடம் கேட்கவில்லை. ‘இங்கேயே கேர்ள்ஸ் ஸ்கூல்ல படிக்கிறேனே அத்தா’ என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. பிளஸ் ஒன்னில் விட்டதை அப்புறம் பிடிக்கவே முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைத் தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் ஓதிக்கொண்டிருந்தார். பீரோக் கதவின் உள்பக்கம் மருத்துவக் கல்லூரிகளின் பெயர்களையும் போன வருடக் கட்-ஆஃபையும் தன் கோணல் எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். சுண்ணாம்பிலும் தோலிலும் கிடந்து வெந்த கை அது, பேனாவைச் சரியாகப் பிடிக்க வராது.

அங்கே பதினோராம் வகுப்புப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. ஜூன் மாதமே நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். வாரா வாரம் டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஐந்து நிமிடம் போன். ஜூலையில் ஒரு ஞாயிறு, ‘அம்மா, புஸ்தகத்துல எழுத்தெல்லாம் ஊர்ற மாதிரி இருக்கும்மா’ என்றாள் தஹ்சீன். அழவில்லை. அழுதிருந்தால்கூட ஜெய்தூன் பொறுத்திருப்பாள்.

மறுநாள் மீரான் குளிக்கப் போன நேரத்தில் இதே போனிலிருந்து பள்ளிக்குப் பேசினாள். தன் அண்ணன் மௌத்து என்றாள். பிள்ளை வந்தாள், மூன்று நாளில் இரண்டு நாள் தூங்கியே கழித்தாள். காய்ச்சலென்று லீவு கொடுத்தார்கள் எனக் கணவரை நம்ப வைத்தாயிற்று. நாலாவது நாள் ஒரு வாத்தியார் மீரானைப் போனில் கூப்பிட்டு, மச்சான் இறந்ததற்குத் துக்கம் விசாரித்தார். மச்சானோ அன்று மத்தியானம்தான் பள்ளிவாசலில் மீரானுக்குப் பக்கத்தில் நின்று ஜும்ஆ தொழுதிருந்தார்.

மீரான் அடிக்கவில்லை, வையவில்லை, அண்ணனிடம் போய்ச் சொல்லவும் இல்லை. மகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் விட்டு, ஃபாரத்திலிருந்த தாயின் நம்பரை நீக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: “இனிமே நீ யாரைக் கொன்னாலும் அவ வரமாட்டா.”

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?” என்றாள் வார்டன்.

“இருக்கேன். நான் அவ தாயி சொல்றேன், அனுப்பு.”

“கோவிச்சுக்காதீங்க. ஜூலையிலயும் உங்க அண்ணன் இறந்துட்டாருன்னு நீங்கதானுங்க பேசினீங்க. அப்பறம் பாத்தா அவரு உசுரோட இருந்தாரு. எங்க வேலைக்கே வேட்டு வெக்கப் பாத்தாங்க.”

எப்போது ஸ்பீக்கரில் கை பட்டதோ, குரல் வீடு முழுக்கக் கேட்டது. கஃபன் துணியை வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த அண்ணன் சிக்கந்தர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களின் சத்தம் அடங்கியது.

“என்னையவா?” என்றார் சிக்கந்தர்.

“ஆமா, உன்னையத்தான். இப்ப என்னங்கிற?” என்றாள் ஜெய்தூன். வெட்கப்பட வேண்டிய நேரம்தான். வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போனை வாயருகே கொண்டுபோனாள். “இங்க பாரும்மா, அவளை இப்பவே கிளம்பச் சொல்லு. மத்தியானம் லுஹருக்கு அடக்கம். எங்கள்ல பொம்பளைக கபருஸ்தானுக்குப் போக மாட்டோம். இங்கிட்டு வீட்ல முகம் பாத்தாத்தான் உண்டு.”

“டெஸ்ட் நடந்துட்டிருக்குங்க, பன்னெண்டரைக்குத்தான் முடியும். நான் எம்பட இஷ்டத்துக்கு அனுப்ப முடியாதுங்க.” கொஞ்சம் தயங்கினாள். “ஒரு போட்டோ அனுப்புங்கம்மா. அந்த நம்பர்ல இருந்தே அனுப்புங்க. கரஸ்பாண்டென்ட்கிட்டக் காட்டி பாஸ் வாங்கிடறேன்.”

“என்ன போட்டோ?”

“சாரோடதுங்க.”

ஜெய்தூன் போனை வைத்தாள். உடம்பெல்லாம் கொதித்தது. பதினெட்டு வருடமாகக் கூடப் படுத்தவன் செத்துக் கிடக்கிறான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம் அவர்களுக்கு. பெற்றவள் வாயில் வருவது செல்லாதாம்.

“மையத்தைப் போட்டோ எடுக்கிறதாவது?” என்றார் சிக்கந்தர். “ஜமாத்துல என்ன சொல்லுவாக? லுஹர் முடிஞ்சதும் எடுக்கிறதுன்னு பள்ளிவாசல்ல அறிவிச்சாச்சு ஆத்தா. புள்ள வந்தா வரட்டும், இல்லாட்டி அவ நசீபு.”

“அவ நசீபா? அவ கேட்டாளா அங்கிட்டுப் போறேன்னு?” அவள் குரல் தெரு வரைக்கும் போயிருக்கும். “மூணு நாளா நெஞ்சு வலிக்குதுன்னாக. மதுரைக்குப் போவோம்னு கெஞ்சினேன். சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங் முடியட்டும்னாக. இந்தா, மீட்டிங்குக்குப் போகாமயே முடிஞ்சிருச்சு. எம்புள்ள வராம இந்த வாசப்படியவிட்டு சந்தூக்குப் பெட்டி நகராது. நகத்திப் பாருங்க.”

சிக்கந்தர் துணிப்பொட்டலத்தை அலமாரியில் வைத்தார்.

ஜெய்தூன் முதலில் பாதியில் விட்ட முடிச்சைச் சரியாகப் போட்டாள். அப்புறம் போனைத் திறந்தாள். கேமராவில் மீரான் எடுத்து வைத்திருந்த படங்களில் ஒரு மனித முகம்கூட இல்லை. எல்லாமே ரேங்க் லிஸ்ட், கட்-ஆஃப், நோட்டீஸ் போர்டு. முதலில் எடுத்த படம் ஆடிப்போனது. கோபம்தான் காரணம், அழுகை இன்னும் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டாவது படம் தெளிவாக விழுந்தது.

பள்ளியின் வாட்ஸ்அப்பில் அவர் கடைசியாக அனுப்பியிருந்த செய்தி அப்படியே இருந்தது: ‘வணக்கம் மேடம். தஹ்சீன் இந்த வாரம் 14வது ரேங்க். காரணம் என்ன. மீரான்.’ அதற்குக் கீழே அவர் முகம் போய் உட்கார்ந்தது.

நீல டிக் உடனே விழுந்தது. பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் ஜெய்தூன் கரஸ்பாண்டென்ட்டை நினைத்துப் பார்த்தாள். முகம் தெரியாத அந்த ஆள் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, படத்தைப் பெரிதாக்கி, இது நிஜப் பிணம்தானா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கையில் கிடைத்தால் அந்தக் கண்ணாடியை நொறுக்கியிருப்பாள். பத்தே முக்காலுக்கு, ‘பாஸ் போட்டாச்சுங்க’ என்று வந்தது. கூடவே இரண்டு கும்பிடும் கைகள்.

ஆண்கள் பின்கட்டில் மீரானைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது சதாமின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கிளம்பியாச்சா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டது தஹ்சீனின் சிரிப்பு.

“யம்மா! போன தடவை மாமு, இந்தத் தடவை அத்தாவையே போட்டுட்டியா?”

ஜெய்தூன் ஸ்பீக்கரில் கை படாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“வார்டன் மேடம் அழுதே போச்சும்மா. பரீட்சையில பாதியில எழுப்பிக் கூட்டியாந்து, கட்டிப்பிடிச்சு, தைரியமா இருன்னு சொல்லுது. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, தலையக் குனிஞ்சுக்கிட்டேன். போட்டோ வேற அனுப்புனியாமே? அத்தா தூங்கும்போது எடுத்தியா? அதும் அவுக போன்லயே! தெரிஞ்சா உன்னையக் கொன்னுபுடுவாகம்மா.”

“சதாம் எங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“மச்சான் பெட்ரோல் போட இறங்கிருக்காக. அவுக மூஞ்சியப் பாக்கணுமே நீ. நெசமாவே மௌத்து வீட்டுக்குப் போற மாதிரி ஒத்த வார்த்த பேசாம வண்டி ஓட்டுறாக. நீ சொல்லிக் குடுத்தியா?”

சதாமிடம் விடிகாலையில் அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள், வழியில் ஒன்றும் பேசாதே, வீட்டுக்கு வந்து தெரிந்துகொள்ளட்டும் என்று. பின்கட்டிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தைதான். ஆனால் சொன்னால் நம்புவாளா? நம்பினால், மிச்சமிருக்கிற இரண்டு மணி நேர வழியும் அந்தக் காருக்குள் அவள் என்ன ஆவாள்? ஆறு மாதமாக இந்தப் பிள்ளை சிரித்து ஜெய்தூன் கேட்கவில்லை.

“வாம்மா,” என்றாள். “வெரசா வா.”

“அத்தா எங்க? வேலைக்குப் போயிட்டாகளா?”

“இங்கதான் இருக்காக.”

“ஐயோ, வீட்லயா! நல்லா மாட்டினோம்,” என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி அருகில் வந்து உட்கார்ந்தாள். “புள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியும். நம்பல.”

ரம்ஜான் பீவிக்குப் புரியவில்லை. அவளுக்கு விளக்கிச் சொல்ல ஜெய்தூனுக்குத் தெம்பில்லை. இவ்வளவு நேரமும் பள்ளியின்மீதும் செத்தவர்மீதும் மாறி மாறிக் கொதித்த கோபம், இப்போது போக்கிடம் இல்லாமல் அவள்மீதே திரும்பியது. எந்த நேரத்தில் அந்தப் பொய்யைச் சொன்னோம் என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்காக அன்று சொன்னது தப்பு என்றும் அவளால் நினைக்க முடியவில்லை. எழுத்து ஊர்கிறது என்று பிள்ளை சொன்னால் ஒரு தாய் வேறு என்ன செய்வாள்? செய்ய வேண்டியதை இந்த மனுஷன் செய்திருந்தால், அவள் ஏன் உயிரோடிருந்த அண்ணனைச் சாகடிக்கப் போகிறாள்?

லுஹர் பாங்கு சொன்னது. ஆண்கள் தொழுதுவிட்டு வந்து வாசலில் நின்றார்கள். சந்தூக்கு சுவரோரம் தயாராக இருந்தது. கஃபன் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். நேரமாகிறது என்று யாரோ ஜமாத் ஆள் குரல் கொடுத்தார். ஜெய்தூன் எழுந்து நிலைப்படிக்கு வருவதற்குள் சிக்கந்தரின் குரல் வெளியே கேட்டது.

“புள்ள வந்துக்கிட்டிருக்கு. வந்து பாத்தப்பறந்தான் எடுப்போம். யாருக்கு அவசரமோ போயிட்டு வாங்க.”

“மையத்தைக் காக்க வைக்கக் கூடாது பாய்.”

“நானே ஜூலையில செத்தவன்தான்யா. எனக்கு ஒண்ணும் கெட்டுப்போகல, நில்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நகரவும் இல்லை.

ஒன்றே முக்காலுக்குக் கார் வந்தது. தெருமுனையிலேயே அது வேகம் குறைவது ஜெய்தூனுக்குக் கேட்டது. கதவு திறந்த சத்தமும், “மச்சான், ஏன் இம்புட்டுக் கூட்டம்?” என்ற குரலும் வந்தன. அந்தக் குரலில் இன்னும் சிரிப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஆண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஷூவைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மூடி போடாத பேனா. பெருவிரலில் விடைத்தாளில் வட்டம் நிரப்பிய மை. பாயருகே வந்து நின்றவள் அத்தாவைப் பார்க்கவில்லை. நேராக அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அதில் எங்காவது ஒரு மூலையில் பொய் தட்டுப்படுமா என்று தேடினாள். ஜெய்தூன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“நெசமாவா?” என்றாள் தஹ்சீன்.

“பாரு. எடுக்கப் போறாக.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தலைமாட்டில் கிடந்த போன் அதிர்ந்து வெளிச்சம் காட்டியது. பழக்கத்தில் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ‘அன்புள்ள பெற்றோரே, உங்கள் மகள் தஹ்சீன் இன்று மதிய வகுப்புக்கு வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்கவும்.’

ஜெய்தூன் அதைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மகளின் காலடிக்கு நகர்ந்து, ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.