தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில்

1

என்னிடம் கேட்டது ஒரு கடிதம். நான் எழுதிக்கொண்டிருப்பது கதை. இந்தத் தப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர், என் ரத்த அழுத்த மாத்திரையோடு ஒரு பழுப்புக் கவரையும் என் பக்கம் தள்ளினார். உள்ளே பதினான்கு கடிதங்கள்.

"நீங்க எழுதுறவருதானே சார். இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுங்க."

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு. ஒரு விஷயம் சொல்லணும். ஆனா சொன்ன மாதிரி இருக்கக் கூடாது."

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் இன்னும் போகவில்லை. கதைக்கு மட்டும் மூன்று ஆரம்பங்கள் தயாராக இருக்கின்றன.

2

முதல் ஆரம்பம்: 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்' (மழை பெய்யவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு ஆரம்பம் வராவிட்டால் மழை வந்துவிடும், அதுதான் என் வியாதி.)

இரண்டாவது: 'தூரத்து உறவு என்பது' (வேண்டாம்.)

மூன்றாவது: 'அவர் எந்தக் கையெழுத்தையும் படித்துவிடுவார்.' இது நிற்கட்டும்.

உண்மையிலேயே படித்துவிடுவார். முப்பத்தொரு வருஷமாக டாக்டர்கள் சீட்டில் கிறுக்குவதைப் படித்துத்தான் அவர் சாப்பிடுகிறார். பக்கத்துத் தெருக் கடைகளில் புரியாத சீட்டை இவரிடம் கொடுத்தனுப்புவார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரே மூச்சில் வாசித்துக் கொடுப்பார். ஒரு டாக்டரே தான் எழுதியது தனக்குப் புரியாமல் இவருக்குப் போன் செய்தாராம். அதில் பாதிதான் உண்மை என்று அவர் மனைவி சொல்வார். எந்தப் பாதி என்று கேட்டால் சிரிப்பார்.

3

அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா இல்லை. கடைக்காரருடைய அப்பாவின் சித்தப்பாவுக்கு மகன்வழிப் பேத்தி. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் உறவு. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே நான்கு தடவைதான். நான்காவது தடவை ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூடப் பார்க்காமல் மூன்று மணி நேரம் முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்குத் தொற்றிக்கொண்டது இந்தக் கடிதப் போக்குவரத்து.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவர். அளவெடுத்தே பழகியவர் என்பதால், தன் உடம்பைப் பற்றியும் உச்சியிலிருந்து பாதம்வரை வரிசையாகத்தான் எழுதுவார். உடம்பு முடிந்ததும் வீடு. கவரில் இருந்த முதல் கடிதம் இரண்டரை வருஷத்துக்கு முந்தையது:

'மாத்திரைத் தம்பிக்கு, தலை சுகம். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றியாச்சு. பல் ஒன்று போச்சு, மீதி பத்திரம். தோள்வலி தையல் மிஷின் எனக்குப் போட்ட சீதனம். கை இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. இடுப்பு கேட்பதில்லை. முட்டி மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது, ரேடியோவை விற்றுவிடலாம்.'

கடைசிக் கடிதம் போன மாதம் வந்தது:

'மாத்திரைத் தம்பிக்கு, தலை சுகம். கண் சுகம். பல் இன்னொன்று ஆடுகிறது. தோள் பழைய கதைதான். இடுப்புக்கு நீ சொன்ன தைலம் ஒத்துக்கொண்டது. முட்டி மழைக்குக் காத்திருக்கிறது. வீட்டில், துணி வெட்டும் வேலையை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டேன். நான் இப்போது மகாராணி, மேற்பார்வை மட்டும். டீ குடிக்க மூடி போட்ட டம்ளர் வாங்கினேன், ஈ தொல்லை. மிஷினை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகும் என்கிறான் மகன். முதலில் என்னை எடு, பிறகு மிஷினை எடு என்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்தால் மருமகள் சத்தமாக வாசிப்பாள், வீடே உட்கார்ந்து சிரிக்கும். சீக்கிரம் எழுது.'

துணி வெட்டும் வேலையை விடப்போவதாக அக்கா அதற்கு முந்தைய கடிதத்திலேயே எழுதியிருந்தார். அதற்கு இவர் போட்ட பதில்: 'மகாராணிக்கு வணக்கம். ஓய்வு எடுப்பது உடம்புக்கு ரொம்ப நல்லது.' இதை என்னிடம் சொன்னபோது அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

4

கடைசிக் கடிதம் வந்தபோது கடையில் கூட்டம். மனைவி சாப்பாடு கொண்டுவந்திருந்தார். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, அன்று விடுமுறை.

"நீயே பிரிச்சு வாசி, கேட்டுக்கிட்டே மாத்திரை எடுக்குறேன்" என்றார் கடைக்காரர்.

மனைவி தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "என்ன இது, ஒண்ணுமே புரியலையே."

"குடு இங்க." வாங்கி, தண்ணீர் குடிப்பதுபோல வாசித்தார்.

"நீங்க படிச்சிருவீங்க. நீங்க எதைத்தான் படிக்க மாட்டீங்க? நான் கேக்குறது அது இல்ல. உங்க அக்கா எழுத்து முந்தி இப்படியா இருந்துச்சு? ஒவ்வொண்ணும் சட்டைப் பட்டன் மாதிரி இருக்கும். இப்ப கடுகு மாதிரி இருக்கு. வரி முடியிற இடத்துல அதுவும் காணாமப் போகுது."

கூட்டம் கலைந்ததும் அவர் பழைய கடிதங்களை இழுப்பறையிலிருந்து எடுத்தார். மேஜைக் கண்ணாடிமேல் பதினான்கையும் வரிசையாகப் பரப்பினார். படிக்கவில்லை, பார்த்தார். இரண்டாவது கடிதத்தைவிட மூன்றாவதில் எழுத்து சின்னது. ஆறாவதில் இன்னும் சின்னது. பத்தாவதில் வரிகள் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியிருந்தன. இப்படி எழுத்து சுருங்கும் ஒரு வியாதி அவருக்குத் தெரியும். நடுக்குவாதம். அதற்கான மாத்திரை அவர் தலைக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் இருக்கிறது.*

"மோசமா எழுதுனா எனக்குப் படிக்கத் தெரியும் சார்" என்றார் என்னிடம். "மோசமாகிட்டு வர்றதப் பாக்கத் தெரியல. ரெண்டரை வருஷம்."

(* எழுத்து சிறுப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவரே சொன்னார். சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை.)

5

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே நம்பிக்கை குறைந்தது. இவ்வளவு தெரிந்தவர் எதற்காக என்னிடம் வந்து நிற்கிறார்? நேராகவே கேட்டேன்.

"ஒரு போன் பண்ணிச் சொல்லிடலாமே?"

"போன் அவங்க பையனோடது. எடுத்ததும் ஸ்பீக்கர்ல போட்டுருவான். மாமா பேசுறாருன்னு வீடே வந்து நிக்கும்."

"நிக்கட்டுமே. தெரிஞ்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகப்போறாங்க."

"கூட்டிட்டுப் போவான், நல்ல பையன்தான். ஆனா அதுக்கு முன்னாடி மிஷினைத் தூக்கிருவான். கை சரியில்லன்னு தெரிஞ்சா அப்புறம் அவங்கள ஊசியத் தொட விடுவானா? நேரத்துல மருந்து ஆரம்பிச்சா இன்னும் பல வருஷம் தைக்கலாம் சார். மிஷின் போயிட்டா மருந்து யாருக்கு?"

கடிதம் போட்டால் மருமகள் சத்தமாக வாசிப்பாள். போன் செய்தால் ஸ்பீக்கர். அந்த வீட்டில் ஒளிவுமறைவுக்கு இடமே இல்லை, எல்லாம் பாசத்தால் வந்த வினை.

ஆறாம் நாள் என் அறையில் கடிதங்களோடு முட்டிக்கொண்டிருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. வாசகரே, மேலே மூன்றாம் பகுதிக்குப் போய் அந்த இரண்டு கடிதங்களையும் இன்னொரு தரம் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பார்த்தீர்களா? முதல் கடிதத்தில் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் கை இருக்கிறது. கடைசிக் கடிதத்தில் இல்லை. கடைசி ஆறு கடிதங்களிலுமே இல்லை. தோளிலிருந்து நேராக இடுப்புக்குத் தாவிவிடுகிறார். அளவெடுக்கும்போது கையை மறக்கும் தையல்காரர் உலகத்தில் கிடையாது. மூடி போட்ட டம்ளருக்கும் ஈக்கும் சம்பந்தமில்லை, கை நடுங்கினால் டீ சிந்தும்.

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைக்கு ஓடிப்போய்க் காட்டினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப தெரிஞ்சேதான் இருந்திருக்காங்க" என்றார். "ஒரு வருஷமாத் தனியா." அவர் கண் கலங்கியது. எனக்கும்தான், எழுத்தாளன் என்பதற்காக அதை மறைக்கப்போவதில்லை.

6

அதற்குப் பிறகும் நான் எழுதிக் கிழித்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு கடிதத்தில் வற்றிக்கொண்டே வரும் ஓர் ஆற்றை வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"சார், இது உங்களுக்குப் பரிசு வாங்கித் தரும். எங்க அக்காவுக்கு என்ன வாங்கித் தரும்?"

இன்னொன்றில், கடைக்கு வரும் ஒரு பெண்மணிக்கு இப்படி ஆனது என்று கதை கட்டினேன். "மருமக உஷாரான பொண்ணு. ரெண்டாவது வரியிலயே நிறுத்திட்டு மாமியார் கையைப் பாப்பா." அதுவும் போயிற்று.

அதோடு விட்டேனா? கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கதைக்கு முடிவு தேட ஆரம்பித்தேன். ஒரு முடிவில் அக்கா குணமாகிப் புதுச் சட்டை தைத்து அனுப்புகிறார். இன்னொன்றில் கவர் முகவரிக்காரர் இல்லை என்று திரும்பி வருகிறது. அது சோகமாக, நன்றாகவே வந்திருந்தது. அந்த நன்றாக வந்த பக்கத்தைப் பார்த்தபோதுதான் என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அங்கே ஒரு பெண் ஊசியில் நூல் கோக்க முடியாமல் தவிக்கிறார், நான் இங்கே அவரைக் கொல்லலாமா வேண்டாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் கவரைத் திருப்பிக் கொடுத்து, "என்னால ஆகல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மருந்துக் கம்பெனி கொடுத்த குறிப்புத்தாளை இழுத்து, நின்றபடியே எழுதினார். நடுவில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

7

'அன்புள்ள அக்காவுக்கு, மாத்திரைத் தம்பி எழுதுவது. தலை சுகம். கண் சுகமில்லை. உங்கள் போன கடிதத்தை என்னால் படிக்க முடியவில்லை. டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படித்த கண், உங்கள் எழுத்திடம் தோற்றுவிட்டது. பல் முழுசாக இருக்கிறது. தோள் சுகம். இடுப்பு சுகம். முட்டி சுகம்.

பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, வெளியில் சொல்ல வெட்கம். துணைக்கு நீங்கள் வாருங்கள் அக்கா. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம். மருமகளே, இதை நன்றாகச் சத்தமாக வாசி, மாமாவுக்கு ஆள் துணை வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கட்டும். மிஷினை ஒரு துணி போட்டு மூடி வைக்கச் சொல். அக்கா திரும்பி வந்து தைக்க வேண்டும்.'

முப்பத்தொரு வருஷத்தில் 'படிக்க முடியவில்லை' என்ற வார்த்தையை அவர் முதல் தடவையாக எழுதியிருக்கிறார். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

"கையை விட்டுட்டீங்களே" என்றேன்.

"ஆமா" என்று கவரை ஒட்டினார்.

(முதல் பகுதியில் பதில் போகவில்லை என்று எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. எழுதியபோது போகவில்லைதான்.)

8

இன்னொரு ஒப்புதலும் பாக்கி இருக்கிறது. அக்காவின் இரண்டு கடிதங்களையும் இந்தக் கதையில் ஒரே அளவு எழுத்தில்தான் படித்தீர்கள். பட்டனும் கடுகும் அச்சில் ஒன்றாகிவிட்டன. இரண்டரை வருஷம் கடைக்காரர் செய்த தவறை நான் ஒரு பக்கத்தில் உங்களைச் செய்ய வைத்திருக்கிறேன். மன்னிக்கவும்.

நேற்று பதில் வந்தது. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கவர் பிரிக்காமல் மேஜைமேல் கிடந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. கவரைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, முகவரியில் இருந்த எழுத்துகளின் அளவை மட்டும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீங்க பிரிங்க சார். எனக்குத் தைரியம் இல்ல."

அதற்குள் யாரோ மருந்துச் சீட்டை நீட்ட, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் இந்தப் பக்கம்தான் இருந்தது.

உள்ளே தலை இருக்கும், கண் இருக்கும், பல் இருக்கும், தோள் இருக்கும். அதற்கு அடுத்த வார்த்தை கை என்று இருந்தால் அக்கா கிளம்பிவிட்டார் என்று பொருள். இடுப்பு என்று இருந்தால், இன்னும் பயந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதினால் கை என்றுதான் எழுதுவேன். பன்னிரண்டு நாள் தாமதப்படுத்தியவன் வேறு எப்படி எழுதுவான்? அதனால்தான் இதை நான் எழுதக் கூடாது.

இந்தாருங்கள், கவர். நீங்கள் பிரியுங்கள். படிப்பதற்கு முன்னால் ஒரு தரம் பாருங்கள்.