ஆலத்திடலில் வண்டி நிற்காது

திருச்சி பாசஞ்சர் அடுத்த மாதத்திலிருந்து ஆலத்திடல் ஹால்ட்டில் நிற்காது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காரணம்: பயணிகள் இல்லை.

அதைப் படித்த வெற்றிச்செல்வியைச் சுற்றி, அதே வண்டிக்காக நாற்பது பேராவது நின்றிருந்தார்கள்.

"பயணிங்க இல்லியாம். அப்ப நாங்கள்லாம் என்ன, மேய்ச்சலுக்கு வந்த ஆடா சார்?"

நோட்டீஸ் கொண்டுவந்த ரயில்வே ஆய்வாளர் திரும்பினார். "இங்க டிக்கெட்டே விக்கலையேம்மா."

"நாங்க சீசன் டிக்கெட்டு வச்சிருக்கோம்."

"ஆலத்திடல் பேர்ல ஒரு சீசன்கூடக் கிடையாது. எங்க, உங்களோடத காட்டுங்க."

காட்டினாள். அரியலூர் – திருச்சி என்று இருந்தது.

"கணக்குப்படி நீங்க அரியலூர்ல ஏறுறவங்க. அங்க வண்டி நிக்கத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். மற்றவர்கள் யாரும் தங்கள் பையைத் திறக்கவில்லை. எல்லாப் பைகளிலும் அதே அரியலூர்தான்.

இந்த ஹால்ட் காலனிக்காரர்கள் கேட்டு வாங்கியது. அந்தக் காலத்தில் பஸ் மேலத்தெருவில் மட்டும்தான் நின்றது. காலனி ஆள் சீட்டில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள். ரயிலில் எழுப்ப ஆளில்லை. மனு மேல் மனு போட்டு, பண்ணை வேலை முடிந்த பிறகு மண் சுமந்து, பிளாட்பாரத்தை அவர்களே மேடாக்கினார்கள். வெற்றிச்செல்வியின் தாத்தா அரியமுத்துவும் சுமந்தார்.

மேலத்தெருக்காரர்கள் இன்றுவரை இங்கே ஏறுவதில்லை. அதனால் ஆலத்திடலில் ஏறுகிறவர் யார் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் முந்தின ஸ்டேஷனான அரியலூரின் கவுண்டரில் சீசன் எடுக்கும்போது, ஏறும் ஊரும் அரியலூர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

"விடுங்கக்கா, மனு எழுதுவோம்" என்றான் அறிவரசன். பக்கத்து வீட்டுப் பையன், திருச்சியில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை.

"மனுவுல எந்த ஊருன்னு போடுவ? அதுலயும் அரியலூர்தானா?"

"கத்தாதீங்க. எங்க ஆபீஸ்ல எப்புடிக் கேப்பானுங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதாடா? ஸ்கேன் சென்டர்ல என்னைய மாலை போட்டா ஒக்கார வச்சிருக்காங்க? பஸ்ஸுல போனா எட்டு மணி ஷிப்ட புடிக்க முடியாது. இனிமே லேட்டா வந்தா வரவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எவனோ மொகத்தச் சுளிப்பான்னு பயந்து நம்ம வண்டிய நாமளே நிறுத்திட்டோம். த்தூ!"

வண்டி வந்தது. அறிவரசன் ஏறிக்கொண்டான். அவள் ஏறவில்லை. ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து லீவு சொன்னாள். திட்டு வாங்கினாள். ஷேர் ஆட்டோ பிடித்து அரியலூர் போனாள்.

கவுண்டரில் நல்ல கூட்டம். "எங்கேர்ந்து எங்க?" என்றார் கிளார்க்.

"ஆலத்திடல்லேர்ந்து திருச்சி. சீசன்." பழைய சீட்டையும் நீட்டினாள்.

"பழசுல இன்னும் நாள் இருக்கேம்மா."

"இருக்கட்டும். புதுசு போடுங்க."

வரிசையில் பின்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஆலத்திடலா? எந்தப் பக்கம் பாப்பா, மேலத்தெருவா?"

எத்தனையோ முறை கேட்ட கேள்வி. எத்தனையோ முறை 'டவுன்தாங்க' என்று மழுப்பிய கேள்வி. அவள் முழுதாகத் திரும்பினாள்.

"காலனி. ஸ்டேஷன ஒட்டி மூணாவது வூடு. இன்னும் எதாச்சும் தெரியணுமா? கேளுங்க, சொல்றேன்."

அவர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். கிளார்க் தலையைத் தூக்காமல் சீட்டை நீட்டினார்.

வெளியே வந்து அறிவரசனுக்குப் போன் போட்டாள். வண்டிச் சத்தம் கேட்டது.

"நான் எடுத்துட்டேன். நாளைக்கு நீயும் வந்து எடுக்குற. எந்த ஊருன்னு போடப்போற, சொல்லு."

"அக்கா..." குரலைத் தாழ்த்தினான். "பக்கத்துல ஆபீஸ் சார் ஒக்காந்திருக்காரு."

"அப்ப சத்தமாவே சொல்லு" என்றாள்.