லாரிகள் நின்ற கடை

லாரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. தெரியாத ஊரில் பசித்தால் பலகையைப் பார்க்காதே, வாசலைப் பார். நாலு லாரி நிற்கிற கடையில் கண்ணை மூடிக்கொண்டு கை நனைக்கலாம். அவன் அந்தக் கணக்கை நம்பித்தான் இத்தனை வருஷமும் சாப்பிட்டு வந்தான். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. கூட ஓட்டுகிறவர்கள் வைத்த பெயரே கல்லு.

இந்த அந்நிய தேசத்துக்குக் கல்லு வண்டி ஓட்ட வரவில்லை. இங்கே வாழ்க்கைப்பட்ட அக்காவுக்குத் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்க வந்திருந்தான். நாளை மறுநாள் ஆபரேஷன். டாக்டர் சொன்னதை அத்தான் அவனுக்குத் தமிழில் சொன்னார்: "வெளியில பச்சத்தண்ணி கூடக் கூடாதாம் மாப்ள. உனக்கு லேசா காய்ச்சல் வந்தாலே தேதி போயிடும். அடுத்த தேதி வரைக்கும் அவ தாங்குவாளான்னு அவங்களாலயே சொல்ல முடியல."

அன்றிலிருந்து அத்தான் அவன் குடிக்கிற தண்ணீரை இரண்டு தடவை காய்ச்சினார். காய்ச்சி ஆறவைத்து, மறுபடி காய்ச்சினார்.

மத்தியானம் அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துக்கொண்டு அத்தான் போனதும், வீட்டின் நிசப்தம் அவனை வெளியே தள்ளியது. தெருக்கோடியில் ஒரு தள்ளுவண்டி. அதை ஒட்டி வரிசையாக லாரிகள். எண்ணெயில் பொரிந்த உருண்டைகளை ஒருத்தி தட்டில் வைத்து, மேலே குழம்பு மாதிரி எதையோ ஊற்றினாள். அவன் விரலால் காட்டினான். நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டான்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் காதில் விழுந்தது. வாட்டர் சர்வீஸ். லாரிகள் கழுவுவதற்காக நின்றிருந்தன. டிரைவர்கள் அவரவர் கேபினில் உட்கார்ந்து வீட்டு டப்பாவைத் திறந்து தின்றுகொண்டிருந்தார்கள். தள்ளுவண்டிக்காரி சுவரோரம் கிடந்த ரப்பர் குழாயை எடுத்து, குறைந்துபோன குழம்பில் தண்ணீர் விட்டுக் கலக்கினாள்.

வீடு வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். கல்லு வயிறு கொடுத்ததை வாங்கிக்கொண்டதே தவிர, திருப்பித் தரவில்லை. அக்காவின் தலையணையடியில் இருந்த தெர்மாமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தான். அடிவயிற்றில் ஏதோ மெல்லப் புரண்டது. பசியா, பயமா, வேறு ஏதாவதா? வயிற்றுக்குக் காது கொடுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். வாயில் வைத்த பிறகுதான் பார்த்தேன், பிறகுதான் பார்த்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். யார் கேட்டார்கள் என்று இந்தப் பதில்?

சாயங்காலம் அக்கா கையில் கட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. அத்தான் நேரே சமையலறைக்குப் போய்த் தண்ணீரை அடுப்பில் வைத்தார்.

"உன்மேல எண்ணெ வாசம் அடிக்குதுடா," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி.

"கடை வாசல்ல லாரி நின்னுச்சுக்கா."

"லாரி நின்னா தின்னுடுவியா? நல்லவேளை, கப்பல் எதுவும் நிக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்து அவள் சிரிப்பும் நின்றது. சமையலறையில் தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடி மெல்லத் தடதடக்க ஆரம்பித்தது. 

"வாயில வைக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்க்கா. ஒருத்தனும் அங்க சாப்பிடல. அந்தக் குழாயையும் பாத்தேன். தெரிஞ்சுதான் தின்னேன்."

அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"ஆபரேஷனுக்குப் பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா வேணாம்னுடுவ."

"ஆமா. வேணாம்னுடுவேன்."

"அதான் சொல்லல."

அப்போது அவன் வயிறு இரைந்தது. அறை முழுக்கக் கேட்கும்படி, நீளமாக. அக்கா அவன் வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். அதில் இருந்ததும் அவனுடைய அதே பயம்தான்.

"அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றான். அத்தான் முதுகைக் காட்டியபடி, கொதிக்கிற தண்ணீரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடணும். நான் வெளியில சாப்பிட்டுட்டேன்."

அத்தான் திரும்பவில்லை. கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.