கால் ஊன்றாத பந்தயம்

என் வீட்டுக்காரர் தங்கபாண்டி வாங்கிய கப்புகள் எல்லாம் மெதுவாகப் போய் வாங்கியவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராவியில் பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் சங்கம் விளையாட்டுப் போட்டி நடத்தும். அதில் ஆண்களுக்குச் சைக்கிள் பந்தயம் என்றால் ஸ்லோ சைக்கிள்தான். கடைசியாக வந்து சேருகிறவருக்குப் பரிசு. நடுவில் கால் தரையில் பட்டுவிட்டால் அவுட். எங்கள் சந்துகளில் வேகமாக ஓட்ட இடமேது? ஓட்டினால் யார் வீட்டு அடுப்படியிலாவது போய்த்தான் நிற்க வேண்டும்.

இதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு நிறுப்பதற்குள் வாங்க வந்தவருக்குத் தலை நரைத்துவிடும், அப்படிப்பட்ட மனிதர். ஹாண்டிலை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பார். ஓரத்தில் நின்று "கால ஊனாதிய! கால ஊனாதிய!" என்று கத்துவது நான். சங்கரேஸ்வரியின் தொண்டை சயான் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்று தெருவில் பேச்சு.

அந்தக் கப்புகளைப் பற்றித்தான் என் மகள் இசக்கி தன் ஆபீஸ் பையனிடம் அளந்துவிட்டிருக்கிறாள். வீட்டில்தான் அவள் இசக்கி. ஆபீசில் ஈஷா. பையன் பெயர் கௌசிக், மாட்டுங்காவில் தாத்தா காலத்திலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கும் குடும்பம். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்துவிட்டார்கள். எங்களுக்குச் சம்மதம். பையனின் அப்பா உயிரோடு இல்லை. அம்மா அம்மிணிதான் பிடி கொடுக்கவில்லை. தாராவி மளிகைக்கடை என்று கேட்டதும் "பார்க்கலாம்" என்றாராம். அந்தப் பார்க்கலாம் மாதக்கணக்காக அப்படியே நின்றது. என் பெண் ராத்திரியில் தலையணைக்குள் அழுவது எனக்குத் தெரியும்.

கௌசிக்குக்குப் பழைய சைக்கிள்கள் மேல் பைத்தியம். அதற்கென்று ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். அம்பர்நாத்தில் ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிள் பந்தயத் திருவிழா, அங்கிள் கட்டாயம் தன் சைக்கிளோடு வரவேண்டும், அம்மாவும் வருகிறாள், ஒரு நாள் முழுக்கச் சேர்ந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். என்ன பந்தயம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஐம்பது தாண்டிய ஆண்கள், பழைய சைக்கிள், பந்தயம். எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதானே?

சைக்கிள் ரிப்பேர் கடை ஜெயினுலாப்தீன் பாய்தான் சைக்கிளைக் கழுவி, எண்ணெய் போட்டு, தன் டெம்போவில் ஏற்றினார். அவரும் எங்களோடு புறப்பட்டார். கல்யாண் ஊரைத் தாண்டும்போது என் வீட்டுக்காரர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன செய்யுது?" என்றேன்.

"கேஸு. காலையில நீ போட்ட உளுந்தவடதான்."

"என் வடையக் குத்தம் சொல்லாதிய. மூணு தின்னா அப்படித்தான். அந்த அம்மா முன்னாடி ஏப்பம் விட்டு மானத்த வாங்கிராதிய."

அவர் சிரித்தார். வழியில் நிறுத்தி ஒரு ஜீரா சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னிடமே நீட்டினார். மீதியை நான் குடித்தேன்.

மைதானம் திமிலோகப்பட்டது. ஒட்டுமீசை வைத்தவர்கள், தொப்பி போட்டவர்கள், முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் தட்டு அளவும் உள்ள வண்டியில் ஏணி வைத்து ஏறுகிறவர்கள். நம் ஊர்ப் பால்காரர் வண்டி போல ஒன்றைக் கயிறு கட்டி நிறுத்தி, தொடக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இசக்கி என் கையைக் கிள்ளினாள்.

அம்மிணி பருத்திப் புடவையில், குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்கோ" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான் கொண்டுபோன வடையில் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எனக்குள் சுருக்கென்றது. இருக்கட்டும், என் வீட்டுக்காரர் இன்றைக்கு ஒரு கப்பை வாங்கி இந்த அம்மா மடியில் வைக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதுகில் நம்பர் குத்திக்கொண்டு இவர் கோட்டில் போய் நின்றார். பக்கத்தில் இருபது பேர் போல இருந்தார்கள். விசில் அடித்தது.

எல்லோரும் பறந்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து குனிந்து, பேய் பிடித்தவர்கள் மாதிரி மிதித்துக்கொண்டு அந்த வளைவில் திரும்பிவிட்டார்கள். புழுதி மட்டும் மிச்சம். புழுதி அடங்கினால் கோட்டிலிருந்து நாலு முழம் தள்ளி எங்கள் வீட்டுக்காரர், சைக்கிள் மேல், நின்ற இடத்தில்.

"அம்மா, அப்பா ஏன் ஓட்டல?" இசக்கி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி, மெதுவாப் போறதுதான ரேசு?"

"அரே அம்மா! இது ஃபாஸ்ட் ரேஸ்! மூணு ரவுண்டு!"

கௌசிக் தலையில் கை வைத்துக்கொண்டான். மைக்கில் இருந்தவன், "அங்கிள்ஜி, சிக்னல் ஹரா ஹோ கயா!" என்றான், பச்சை விழுந்துவிட்டதாம். மைதானமே கொல்லென்று சிரித்தது. ஒட்டுமீசைக்காரன் ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லாப் போனும் இவர் பக்கம் திரும்பியது. போச்சு, எல்லாம் போச்சு, என் பெண்ணின் கல்யாணம் இந்தப் புழுதியில் போச்சு என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போது பாய்தான் ஆரம்பித்தார். "அண்ணாச்சி! கால ஊனாதிய!"

சிரிக்கிற கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி வந்தது. சிரிக்கிறீர்களா? உங்களில் ஒருத்தன் இப்படி நின்று காட்டுங்கள் பார்ப்போம். தப்பான பந்தயமாகவே இருக்கட்டும், அதையாவது ஒழுங்காக ஜெயிக்கட்டும். கயிற்றின் ஓரத்துக்குப் போய், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, முழுத் தொண்டையில் கத்தினேன்.

"கால ஊனாதிய! கால ஊனாதிய!"

அவர் என்னைப் பார்த்தார். பொங்கல் மைதானத்தில் என்னைத் தேடுவாரே, அதே பார்வைதான் என்று நினைத்தேன். ஹாண்டில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். சக்கரம் அசையவில்லை. சிரிப்பு குறைந்தது. யாரோ கைதட்டினார்கள். மைக்குக்காரனுக்கும் விஷயம் புரிந்து, "ஸ்லோ சைக்கிள் சாம்பியன்!" என்று கூவினான். அதற்குப் பிறகு கூட்டம் எங்கள் பக்கம். தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட "காலூனா! காலூனா!" என்று தாளம் போட்டுக் கத்தின. இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போது அவர் இடது கையை ஹாண்டிலிலிருந்து எடுத்தார். எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒற்றைக் கையில் நிற்கிறார்! மைதானம் விசில் அடித்தது. தாராவியில்கூட இதைச் செய்ததில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை வந்தது, அதை இப்போது சொல்லவே வாய் கூசுகிறது.

"அவர் ஏன் அசையலை?"

அம்மிணி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"அதான் வித்தையே! அவுக கால ஊன மாட்டாக, பாருங்க."

"என்ன வித்தை? அவர் மூஞ்சியைப் பாருங்கோ."

நான் பார்த்தேன். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது காலை. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாய் எதையோ சொல்லப் பார்த்தது.

நான் கல்லாக நின்றேன். அம்மிணி குடையைப் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து ஓடினார். அந்தப் பக்கத்திலிருந்து பந்தயக்காரர்கள் சுற்று முடித்து மொத்தமாக வந்துகொண்டிருந்தார்கள். யாரோ அலறினார்கள். சைக்கிள்கள் இரண்டு பக்கமும் பிரிந்து சறுக்கின, ஒன்றிரண்டு கவிழ்ந்தன. அம்மிணி ஹாண்டிலைப் பிடித்துவிட்டார். இவர் அப்படியே அவர் தோளில் சாய்ந்தார். இரண்டு பேரும் சைக்கிளோடு மண்ணில் விழுந்தார்கள். அப்போதுதான் இவர் கால் தரையில் பட்டது.

மைக்கும் ஓய்ந்துபோன அந்த மைதானத்தில் சில பிள்ளைகள் மட்டும் விவரம் தெரியாமல் இன்னும் "காலூனா" என்று கத்திக்கொண்டிருந்தன.

அங்கேயே ஒரு ஆம்புலன்ஸ் நின்றது நல்லதாகப் போயிற்று. ஹார்ட் அட்டாக் என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ ஊசி போட்டார்கள், எங்கெங்கோ கையெழுத்து வாங்கினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் இந்தியில் சொன்னார். அந்தக் கொஞ்சம் எப்படிப் போயிற்று என்று அவருக்குத் தெரியாது. பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

எனக்கு அழுகைகூட வரவில்லை. தாராவியில் இத்தனை வருஷமாக அவர் நின்றதைப் பார்த்தவள் நான். பாயும் பார்த்தவர். எங்களைத் தவிர அந்த மைதானத்தில் வேறு யாராக இருந்தாலும், ஒரு மனிதன் அசையாமல் நிற்கிறானே என்று பயந்திருப்பார்கள். நாங்கள் கைதட்டினோம். மற்றவர்களையும் தட்ட வைத்தோம்.

சாயங்காலம் அம்மிணி மருந்துக்கடையிலிருந்து வந்தார். புடவையெல்லாம் செம்மண். முழங்கை சிராய்த்திருந்தது. யாரும் அதற்கு மருந்து போடவில்லை, அவரும் கேட்கவில்லை.

"சம்பந்திக்கு இந்த மாத்திரை ராத்திரிக்கு. இது காலம்பற. மாத்திக் கொடுத்துடாதீங்கோ" என்று பையை என் கையில் வைத்தார்.

சம்பந்தி. காலையில் அந்த வார்த்தைக்காகத்தான் டெம்போ ஏறி வந்தோம். இசக்கி சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று என்னை உள்ளே விட்டார்கள். விசில் அடித்தபோதே வலி வந்துவிட்டதாக அவர் சொன்னார் என்று வாசலில் நர்ஸ் சொன்னாள். நெஞ்சில் வயர்கள் ஒட்டி, மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகை வராத இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

"உங்களுக்குக் கூறு இருக்கா? விசில் அடிக்கையிலயே வலி வந்துட்டுன்னா கீழ எறங்க வேண்டியதான? கால ஊனித் தொலைய வேண்டியதான? யாரு உங்களப் பிடிச்சி நிறுத்துனா?"

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். குரல் காற்றாக வந்தது. குறையாகச் சொல்லவில்லை. கடையில் விலை கேட்டால் சொல்வாரே, அப்படித்தான் சொன்னார்.

"நீதானளா ஊனாதியன்னு கத்துன."