விழுந்தவனைப் பார்க்க யாரும் வரவேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கலைவாணன் நெடுங்காட்டில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போவது வழக்கம். மனைவி தாமரைச்செல்வி இருந்தபோது அவளோடு போனான். மூளைக்காய்ச்சலில் அவள் போய்ப் பத்து மாதமாகிறது. இப்போதும் வரிச்சிக்குடியிலிருந்து தனியாகப் போகிறான். போகாமலிருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அதைவிட பைக்கை எடுப்பது சுலபம்.

அன்றைக்கு மீன்குழம்பு. நடுத்துண்டு இரண்டும் அவன் இலைக்கே வந்தன. சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பினால், மாமியார் பங்கஜவல்லி தாமரைச்செல்வியின் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, இதுல என்னமோ வந்துருக்கு. பேரை எடுக்கப் போறாங்களாம். மாமா படிச்சுச் சொன்னாங்க."

வாங்கிப் பார்த்தான். துப்பாக்கி விளையாட்டிலிருந்து வந்த அறிவிப்பு. இந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணிகள் இன்று மாலை ஆறு மணியோடு கலைக்கப்படும். அணியின் பெயர்: கடைமடை. தலைவர்: தாமரைச்செல்வி.

அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். "காவிரித் தண்ணியும் நமக்குக் கடைசியா வருது, ரேங்கும் கடைசியாத்தான் வருது. வேற என்ன பேர் வைக்கச் சொல்றீங்க?" என்றாள். கணக்கு டீச்சர். பகலில் பள்ளிக்கூடத்தில் நாற்பது பேரை மேய்த்துவிட்டு, சாயங்காலம் போனில் மூன்று பேரை மேய்த்தாள். புருஷன் ஒருவன். மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா தெட்சிணாமூர்த்தி ஒருவர். காரைக்காலில் செல்போன் கடை வைத்திருக்கும் சஃபியுல்லா ஒருவன். அவன் கலைவாணனோடு கல்லூரியில் படித்தவன். கலைவாணனுக்கு அணியில் இருந்த ஒரே வேலை மருந்து சுமப்பது.

"இது வெறும் விளையாட்டு அத்தை. போனா போவுது."

பங்கஜவல்லி போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. ஓட்டர் லிஸ்ட்டுல எடுத்தாச்சு. பேங்க்ல எடுத்தாச்சு. எல்லாத்துக்கும் நீங்கதான் போய் நின்னு எழுதிக் குடுத்தீங்க. நான் ஒண்ணும் சொல்லல. இது ஒண்ணுலயாவது இருந்துட்டுப் போவட்டுமே."

மணி மூன்றே முக்கால். ஓர் ஆட்டம் முழுதாகப் போனால் அரை மணி நேரம். அவன் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மாமா மூக்குக்கண்ணாடியும் போனுமாக வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"சஃபிக்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன் மாப்பிள்ளை. ரெடியா இருக்கான்."

மீன்குழம்பு எதற்கென்று கலைவாணனுக்கு அப்போதுதான் விளங்கியது.

தலைவரும் ஆட்டத்தில் இருந்தால்தான் வெற்றி செல்லும் என்பது விதி. தாமரைச்செல்வியின் போனை யார் பிடிப்பது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பங்கஜவல்லியே புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"பக்கத்துல உக்காந்து எவ்வளவு நாள் பாத்துருக்கேன். இந்தப் பக்கம் தொட்டா நடக்கும், அந்தப் பக்கம் தொட்டா சுடும். கிரைண்டரை விட சுலபம்."

"யாரு சொல்லி நாங்க கேக்கறது?" என்று சஃபி போனுக்குள்ளிருந்து கேட்டான்.

"நீயே சொல்லு," என்றான் கலைவாணன்.

"எனக்குக் கடை இருக்குப்பா. கஸ்டமர் வந்தா நான் செத்தேன். மாமா?"

"எனக்குக் கண்ணு செரியில்ல."

ஆக, கலைவாணன்.

விளையாட்டு சிக்கலானதில்லை. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். ஆயுதம் பொறுக்கிச் சுட்டுக்கொள்வார்கள். சுற்றிலும் ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே மாட்டினால் உயிர் போய்விடும். குண்டடி பட்டு விழுந்தவனை ஒரு நிமிடத்துக்குள் கூட்டாளி ஒருவன் தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வான். கடைசியில் மிஞ்சுகிற அணிக்கு வெற்றி.

முதல் ஆட்டத்தில் மாமா ஆறாவது நிமிடத்தில் விழுந்தார்.

"மாப்பிள்ளை, நான் விழுந்துட்டேன்," என்றார், சோபாவில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு.

"அப்படியே இருங்க மாமா. நான் வர்றேன். வேற யாரும் வராதீங்க."

சொல்லி முடிப்பதற்குள், ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருந்த பங்கஜவல்லி வந்துவிட்டார். நான்கு பக்கமும் தோட்டா பறக்க, வெட்டவெளியில் நேர்க்கோடாக ஓடிவந்து புருஷன் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே சஃபி. கலைவாணனும் வந்து சேர்ந்தான். மூவரும் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எவனோ ஒரு குண்டை வீசினான். ஒரே குண்டு. நால்வரும் காலி.

"வராதீங்கன்னு சொன்னேனே அத்தை."

"அது எப்படி மாப்பிள்ளை? மனுஷன் விழுந்து கெடக்கறார். நான் அந்த வீட்டு அடுப்படியில நின்னு என்ன பண்றது?"

"நீ ஏண்டா வந்த?"

"எல்லாரும் போறாங்க. நான் மட்டும் போவலைன்னா மாமா மனசுல வெச்சுக்குவாரு," என்றான் சஃபி.

"வெச்சுக்குவேன்," என்றார் மாமா.

இரண்டாவது ஆட்டத்தில் பாதிவரை பிரமாதமாகப் போனது. அப்போது சஃபியின் கடைக்கு ஆள் வந்தது. "டெம்பர் கிளாஸ் ஒட்டணுமாம், ரெண்டே நிமிஷம்," என்றவன் நடுரோட்டில் மரமாக நின்றான். எவனோ நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டுவிட்டுப் போனான். மாமா தீவின் மறுகோடியில் இருந்தார். கலைவாணன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு ஜீப்பைக் கண்டுபிடித்து, பங்கஜவல்லியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, ஆற்றைச் சுற்றி வந்து சேர்ந்தார். தூரத்துச் சாவுக்கு வண்டி வைத்துக்கொண்டு போவதில்லையா, அப்படி. வந்தபோது சஃபி போய்ச் சேர்ந்திருந்தான். அவன் கிடந்த இடத்தில் ஒரு பெட்டி மட்டும் இருந்தது. மாமா இறங்கி அதன் முன் கொஞ்ச நேரம் நின்றார். இதில் கலைவாணனுக்கே வெட்கமான விஷயம், அவனும் போய்ப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"மாமா, சும்மா நிக்காதீங்க. பெட்டியில என் பெரிய துப்பாக்கி இருக்கு, எடுத்துக்குங்க," என்றது சஃபியின் குரல்.

"செத்தவன் சாமான்ல கை வைக்கவா? எனக்கு வேணாம் சஃபி."

"மாமா, நான் இங்க கடையில உயிரோடதான் இருக்கேன்."

"இருந்தாலும்."

"கலை, நீயாச்சும் சொல்லேன்."

கலைவாணன் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது நீல வட்டம் மூவரையும் தாண்டிப் போயிருந்தது.

மணி ஐந்தேகால். இன்னும் ஓர் ஆட்டத்துக்குத்தான் நேரம். பங்கஜவல்லி எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். மாமா கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடியும் துடைத்தார்.

தாமரைச்செல்வி இருந்தால் கத்தியிருப்பாள். "அப்பா, எடுக்கறீங்களா இல்லையா?" என்றால் மாமா எடுத்திருப்பார். மகள் கத்தலாம். நடுத்துண்டு மீன் இரண்டையும் தின்றுவிட்டு வந்த மருமகன் கத்த முடியாது. போகட்டும் என்று விட்டுவிடலாம். பத்து மாதமாக எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டான். ஆனால் ஒரு பெயரை எடுக்க எந்த வரிசையில் நிற்க வேண்டும், என்ன நகல் இணைக்க வேண்டும் என்று அவனுக்கு அத்துப்படியாகியிருந்தது. எடுக்காமல் வைக்க என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவனிடம் கேட்டதே இல்லை. இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். டீ ஆறியது.

வரவேண்டாம் என்று சொன்னால் இவர்கள் நிற்க மாட்டார்கள். ஒருவர் விழுந்தால் போகவேண்டும். அது ஊர் வழக்கம், ஒரு சாயங்காலத்தில் மாறாது. ஆனால் ஊரில் போகிறவர்கள் சும்மா போய் நிற்பதில்லையே என்று அவனுக்குத் தோன்றியது. தாமரைச்செல்வி போன அன்று நடந்ததில் அவனுக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது: எதிர்வீட்டு முத்தையனின் குரல். யார் வீட்டில் சாவென்றாலும் வாசலில் நின்று வேலை பிரிப்பது அவர். நீ பந்தல். நீ ஐஸ் பெட்டி. நீ போன் பண்ணு. நீங்க வாசல்ல நில்லுங்க. ஆளுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் இல்லை. ஒருவரும் எதிர்த்துக் கேட்கவில்லை, ஒருவரும் இன்னொருவர் வேலையில் குறுக்கே வரவில்லை. "கலை, நீ உக்காரு," என்றார் அவனிடம். அவன் உட்கார்ந்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

"இப்ப நான் சொல்றதைக் கேளுங்க," என்றான். "யாராவது விழுந்தா, போவணும். ஆனா ஒருத்தர்தான் போவணும். சஃபி, போய்த் தூக்கறது உன் வேலை. வேற யாரும் தூக்க வேணாம்."

"செரி."

"மாமா, நீங்க வாசல்ல நிக்கற ஆளு. வர்றவங்களை நீங்கதான் பாத்துக்கணும். வாசலை விட்டு அசையக் கூடாது."

மாமா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"அத்தை, நீங்க வீட்டுக்குள்ள. வெளிய என்ன ஆனாலும் கதவைத் தொறக்காதீங்க. ஆள் இல்லாம வீட்டை விடக் கூடாது."

"இதை மொதல்லயே சொல்லிருக்கலாம்ல," என்றார் பங்கஜவல்லி. "எனக்கு என்ன தெரியும், நான் எல்லாரும் போவணுமாக்கும்னு இருந்தேன்."

"முத்தையன் கணக்கால்ல பேசறீங்க," என்றார் மாமா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செரி, ஆரம்பிங்க," என்றார்.

"கடையைப் பாதி சாத்திட்டேன்," என்றது சஃபியின் குரல். "கேட்டா ஒருத்தர் எறந்துட்டாங்கன்னு பக்கத்துக் கடையில சொல்லச் சொல்லியிருக்கேன்."

மூன்றாவது ஆட்டத்தில் கலைவாணன் அவர்களைத் தீவின் ஓரத்தில், யாரும் விரும்பாத ஒரு வயல்காட்டில் இறக்கினான். ஒரு மாடிவீடு இருந்தது. பங்கஜவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மாமா வாசலில் நின்றார். தொலைவில் மற்றவர்கள் அடித்துக்கொண்டு சாகும் சத்தம் வந்தது. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி முடித்துத் தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்கப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நூறு ஐம்பதாயிற்று. இருபதாயிற்று. வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, அதிர்ஷ்டம்தான், அந்த வீட்டையே நடுவில் வைத்துக்கொண்டு நின்றது. மணி ஐந்தே முக்காலுக்கு ஏழு பேர் மிச்சம். இவர்கள் நாலு, எதிரிகள் மூன்று.

அவர்கள் எந்தப் பக்கம் என்று பார்க்கக் கலைவாணன் வரப்பில் ஏறினான். ஏறியதும் விழுந்தான்.

"நான் விழுந்துட்டேன்."

யாரும் ஓடிவரவில்லை. அவனுக்கே ஒரு கணம் ஒரு மாதிரி இருந்தது.

"நான் வர்றேன்," என்றான் சஃபி. "மாமா?"

"வாசல்ல நிக்கறேன்."

"அத்தை?"

"வீட்லதான் இருக்கேன். கதவு சாத்திருக்கு."

சஃபி வாய்க்காலில் தவழ்ந்து வந்து அவனைத் தூக்க ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து எதிரிகள் மூவரும் வீட்டை நோக்கி வந்தார்கள். சாவு வீட்டு வாசலில் நிற்கிறவர் வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவதில்லை. மாமாவும் கூப்பிடவில்லை, சுட்டார். முதல் ஆள் விழுந்தான். இரண்டாவது ஆள் திரும்பி, தூக்கிக்கொண்டிருந்த சஃபியையும் பாதி எழுந்திருந்த கலைவாணனையும் சேர்த்துச் சாய்த்தான். மாமா அவனையும் சாய்த்தார். துப்பாக்கியில் தோட்டா தீர்ந்தது. மூன்றாவது ஆள் வாசற்படிக்கே வந்துவிட்டான்.

"குண்டு இருக்கா மாமா?"

"இருக்கு. பின்னைப் புடுங்கிட்டேன். அடுத்து என்ன பண்றது?"

"தூக்கிப் போடுங்க."

"எங்க?"

குண்டு மாமாவின் கையிலேயே வெடித்தது. மாமாவும் மூன்றாவது ஆளும் ஒன்றாகப் போனார்கள்.

திரையில் பொன்னிற எழுத்துகள் வந்தன. கடைமடை, முதலிடம். கீழே சிறிய எழுத்தில்: உயிருடன் இருப்பவர், தாமரைச்செல்வி.

மாமா அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். போனுக்குள் சஃபி, "யா அல்லாஹ்," என்றான் மெதுவாக. அப்புறம், "கையில வெச்சுக்கிட்டே வெடிச்சீங்களே மாமா," என்றான்.

"வாசலை விட்டு அசையக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லிருக்காங்க. எறியறதுக்கு ஒரு எட்டு முன்னால போவ வேண்டியிருந்துச்சு. போவல."

கலைவாணனுக்குச் சிரிப்பு வந்தது. இருமல்போல வந்தது முதலில்; பழக்கம் விட்டுப்போயிருந்தது.

தரையில் பங்கஜவல்லி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுடுகிற சத்தம் தொடங்கியபோது மூடியவர்தான்.

"யாரு சிரிக்கறது? முடிஞ்சுதா மாப்பிள்ளை?"

"முடிஞ்சுது அத்தை."

"பேரு?"

"இருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். போனை முகத்துக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் திரையில் இங்கேயும் அங்கேயும் தொட்டார்.

"என்ன தேடறீங்க அத்தை?"

"கதவைத்தான். நீங்க மூணு பேரும் வெளியிலதானே கெடக்கறீங்க."

கலைவாணன் நாற்காலியை விட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். திரையின் மூலையில் புது ஆட்டத்துக்கான மஞ்சள் பொத்தானைக் காட்டினான்.

"இதைத் தொடுங்க."

"பேருதான் இருக்குன்னீங்களே. மணியும் ஆறாவப் போவுது."

"ஆவட்டும் அத்தை. தொடுங்க."